மஞ்சளா பச்சையா என்று கேட்டவர்

திருவாதவூரில் என் தம்பி மகளுக்கு வளைகாப்பு. பந்தியில் பாயசம் ஊற்றிக்கொண்டிருந்தபோது கைப்பேசி ஒலித்தது. ஆரப்பாளையத்தில் வண்ணமீன் கடை வைத்திருக்கும் காஜா பாய். அவர் என்னை அழைக்கிற வழக்கம் இல்லை. வாளியை ஓரமாக வைத்துவிட்டுப் பேசினேன்.

"டீச்சரம்மா, இன்னாசி சார் தவறிட்டாங்க. காலையில நெஞ்சு வலிக்குதுன்னாங்களாம். ஆட்டோவுல கூட்டிட்டுப் போற வழியிலயே முடிஞ்சிருச்சு. அக்காதான் ஒங்களுக்குச் சொல்லச் சொன்னாங்க."

மதுரைக்கு வரும் பேருந்தில் உட்கார இடம் கிடைத்தும் நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றே வந்தேன். ஏன் என்று இப்போதும் தெரியவில்லை. ஒத்தக்கடை தாண்டிய பிறகுதான் கட்டியிருந்த பட்டுச் சேலையோடு இழவு வீட்டுக்குப் போகிறேன் என்பது உறைத்தது.

இன்னாசிமுத்து சாரை இந்தப் பள்ளி மலரைப் படிக்கும் நம்மில் பலர் பள்ளி அலுவலகத்துத் தலைமை எழுத்தராகவே அறிவோம். சேர்க்கைக்கும் டி.சி.க்கும் அவர் மேசைக்கு முன்னால் நிற்காதவர்கள் இல்லை. அவர் மேசைக்குப் பின்னால், கோப்பு அலமாரிக்கும் சன்னலுக்கும் நடுவில் ஒரு மீன்தொட்டி இருந்ததும் பலருக்கு நினைவிருக்கும். அந்தத் தொட்டியின் தண்ணீரை அவர் சோதிப்பார். சிறிய கண்ணாடிக் குழாயில் தண்ணீர் எடுத்து, மீன் கடையில் விற்கும் சோதனை கிட்டில் இருக்கும் மருந்தைச் சொட்டுச் சொட்டாக விட்டு, குலுக்கி, கொஞ்சம் பொறுத்துப் பார்த்தால் நிறம் மாறும். மீன் கழிவிலிருந்து வரும் அமோனியா தண்ணீரில் இல்லையென்றால் மஞ்சள். ஏற ஏறப் பச்சை. பச்சை கூடினால் மீனுக்கு ஆபத்து. கூடவே நிறங்கள் அச்சடித்த ஓர் அட்டை இருக்கும். அதன் பக்கத்தில் குழாயைப் பிடித்து எது ஒத்துப்போகிறது என்று பார்க்க வேண்டும். அவ்வளவுதான் சோதனை.

நான் நம் பள்ளியில் தமிழாசிரியையாகச் சேர்ந்த புதிதில் ஏதோ சான்றிதழ் கொடுக்க அலுவலகத்துக்குப் போனேன். வரிசையில் எனக்கு முன்னால் ஒரு மாணவனின் அப்பா நின்றிருந்தார். சார் அவர் முகத்துக்கு நேராகக் குழாயை நீட்டினார்.

"அண்ணே, இது மஞ்சளா பச்சையா?"

அவர் திகைத்துப்போய், "மஞ்சதான் சார்" என்றார்.

சார் என்னிடம் திரும்பினார். "டீச்சர், நீங்க?"

நானும் மஞ்சள் என்றேன். தலையை ஆட்டிவிட்டுக் குழாயைக் கழுவப் போய்விட்டார். பிள்ளைகளிடம் விளையாடுவதுபோல் எங்களிடமும் விளையாடுகிறார் என்று நினைத்தேன். பிறகொரு நாள், "அட்டை பக்கத்துலயே இருக்கே, நீங்களே பார்க்கக் கூடாதா சார்?" என்று கேட்டேன்.

"எனக்குப் பச்சையும் மஞ்சளும் ஒண்ணு டீச்சர்" என்றார். குரலைத் தாழ்த்தவில்லை. பக்கத்தில் இரண்டு பேர் இருந்தார்கள். தலைவலி என்று சொல்வதுபோல் சொன்னார்.

ஒருமுறை கல்வி அதிகாரி ஆய்வுக்கு வந்திருந்தார். பள்ளியே விறைத்து நின்றது. தலைமையாசிரியராக இருந்த ஃபாதர் அவரை அலுவலகத்துக்குள் அழைத்து வந்தார். மருந்து விட்டு நிறத்துக்காகக் காத்திருந்த சார், வந்தவர் யாரென்று பார்க்கவே இல்லை. "ஐயா, இது என்ன கலர்?" என்று கேட்டுவிட்டார். அதிகாரி கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு லேசான பச்சை என்றார். ஃபாதர், மஞ்சள் மாதிரிதானே இருக்கிறது என்றார். சார் இருவரையும் டியூப்லைட்டை விட்டு வெளியே வராந்தாவுக்குக் கூட்டிக்கொண்டு போனார். பகல் வெளிச்சத்தில் ஒரு வெள்ளைத் தாளைப் பின்னால் பிடித்துக் காட்டியதும் அதிகாரியும் மஞ்சள் என்று ஒப்புக்கொண்டார். சாயங்காலம் ஃபாதர் கண்டித்தபோது சார் சொன்ன பதில் ஆசிரியர் அறையில் வெகுநாள் ஓடியது: "அவரும் ரெண்டு கண்ணு உள்ளவர்தான ஃபாதர்."

ரயில்வே கதையை நம்மில் எத்தனை பேரிடம் சொன்னாரோ தெரியாது. என்னிடம் ஒரே ஒரு தடவை, தேர்வு நாளொன்றில் டீ குடிக்கும்போது சொன்னார். இளவயதில் அவருக்கு ரயில் ஓட்டும் வேலைக்குப் போக ஆசை. எழுத்துத் தேர்வில் தேறிவிட்டார். மருத்துவச் சோதனையில் ஒரு புத்தகத்தைப் பிரித்துக் காட்டினார்களாம்.

"பக்கம் பூராவும் புள்ளி. அதுக்குள்ள நம்பர் இருக்காம். எனக்கு முன்னால நின்னவன் கடகடன்னு படிக்கிறான். எனக்குப் புள்ளிதான் தெரிஞ்சது."

எனக்குக் கோபம் வந்தது. ஒரு புத்தகத்தை வைத்தா ஒருவருடைய வாழ்க்கையை முடிவு செய்வது என்றேன். அவர் டீயை ஆற்றிக்கொண்டே சொன்னார். "அந்தப் புத்தகம் சரியாத்தான் சொல்லுச்சு டீச்சர். சிவப்பு எரியுதா பச்சை எரியுதான்னு தெரியாம நான் வண்டிய ஓட்டியிருந்தா? பின்னால அம்புட்டுச் சனம் உக்காந்திருக்கும்ல."

காஜா பாய்க்கும் அவருக்கும் பழக்கம் ஏற்பட்டது ஒரு சண்டையில். பாய் கடையில் வாங்கிய சோதனை அட்டைகள் தப்பாகக் காட்டுகின்றன என்று ஒரு வாடிக்கையாளர் கடை வாசலில் சத்தம் போட்டுக்கொண்டிருந்தார். இவை மருந்து விடுகிற கிட் அல்ல. தண்ணீரில் நனைத்து எடுத்தால் நிறம் மாறும் மெல்லிய துண்டுகள். ஒரே தண்ணீரில் நனைத்த இரண்டு துண்டுகள் இரண்டு நிறம் காட்டின. மீன் தீனி வாங்கப் போயிருந்த சார், தன் வேலையை விட்டுவிட்டு அதில் இறங்கினார். வாடிக்கையாளரின் டப்பாவை வாங்கி, அதற்குள் விரலை விட்டுப் பார்த்தார். உள்ளே ஈரம்.

"ஈரக் கையோட எடுத்தீங்களா தம்பி?"

"தொட்டிக்குள்ள கை விட்டுட்டு அப்படியே எடுப்பேன் சார்."

"அப்ப அட்டை என்ன செய்யும், பாவம்."

பிறகு பாய் பக்கம் திரும்பினார். "டப்பாவுல இம்புட்டுச் சின்ன எழுத்துல போட்டுருக்கான். விக்கிறப்ப நீங்க வாய்விட்டுச் சொல்லணும்ல பாய்?" இருவருக்கும் பாதிப் பாதியாகப் பழியைப் பங்கு வைத்துவிட்டு, தீனியை வாங்கிக்கொண்டு போய்விட்டாராம். இதை என்னிடம் சொன்னவர் பாய்தான். அதன் பிறகு, கிட்டின் மேல் யாருக்குச் சந்தேகம் வந்தாலும் சாரிடம் அனுப்புவது பாயின் வழக்கமாகிவிட்டது. சார் முதலில் பாட்டிலில் விற்கிற குடிநீரைச் சோதிப்பார். அதிலேயே பச்சை காட்டினால் அந்த கிட்டைக் குப்பையில் போடச் சொல்வார். மஞ்சள் காட்டினால், "கிட்டு நல்லாத்தான் இருக்கு. இனி நம்ம தொட்டியப் பாப்போம்" என்பார். ஒவ்வொரு தடவையும் நிறத்தைச் சொல்ல இரண்டு பேர் வேண்டும். வந்தவரும், வழியில் போகிறவரும்.

ஓய்வு பெற்றதும் தொட்டியை வீட்டுக்குக் கொண்டுபோனார். ஆரப்பாளையம் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் ஒரு சந்தில் அவர் வீடு. அங்கே நிறம் பார்க்கும் பொறுப்பு அவர் மனைவி லூர்து அக்காவுடையது. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து, சேலைகூட மாற்றாமல் சன்னலோரம் உட்காருவார். சார் மருந்து விட்டுக் குலுக்கிக் கொடுப்பார். அக்கா வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துச் சொல்வார். நான் போன ஞாயிறுகளில் அதைப் பார்த்திருக்கிறேன். அக்காவின் முகத்தில் அப்போது ஒரு பெருமை இருக்கும். "அவருக்கு எல்லாம் தெரியும் சாந்தி. இது மட்டும் நான் சொன்னாத்தான்" என்று சொல்லிச் சிரிப்பார்.

அந்த வீட்டில் நடந்த ஒரு காரியத்தைச் சொல்லத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். அக்காவிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன்.

ஒரு கோடையில் சார் தொட்டியைக் காலி செய்து சுத்தம் செய்தார். ஃபில்டரின் பஞ்சையும் குழாயடியில் வைத்து நன்றாகக் கசக்கிக் கழுவிவிட்டார். பஞ்சில் கழிவைத் தின்று தண்ணீரைக் காக்கும் நுண்ணுயிர்கள் இருக்கும். குளோரின் கலந்த குழாய்த் தண்ணீரில் அவையெல்லாம் போய்விட்டன என்பது அவருக்குப் பிறகுதான் பிடிபட்டது. சில நாளில் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூட ஆரம்பித்தன. செவுள் சிவந்தது. சார் சோதித்தார். அக்கா மஞ்சள் என்றார். மறுநாள் ஒரு ஏஞ்சல் மீன் செத்து மிதந்தது. மறுபடி சோதனை. மறுபடி மஞ்சள். அதற்குப் பிறகு இன்னொன்று.

கிட் கெட்டுவிட்டது என்று சார் முடிவு செய்தார். காலாவதித் தேதி சரியாகத்தான் இருந்தது. கடையில் வெயில் படும் இடத்தில் வைத்திருந்திருப்பார்கள் என்று தோன்றி, பாயிடம் போய்க் கேட்டுவிட்டார்.

"நான் அப்படி வைப்பனா சார்? ஒங்ககிட்டக் கத்துக்கிட்டவன் நான்" என்றாராம் பாய். முகம் வாடிப்போனாலும் உள்ளேயிருந்து புதுப் பெட்டி ஒன்றை எடுத்துக் கொடுத்திருக்கிறார். அதுவும் மஞ்சள்தான் காட்டியது. அதாவது, மஞ்சள் என்றுதான் அக்கா சொன்னார்.

அந்த ஞாயிறு நான் என் மகளின் கல்யாணப் பத்திரிகையோடு அங்கே போனேன். சன்னல் திண்டில் குழாய் நின்றிருந்தது. நான் யாரும் கேட்காமலே, "என்னக்கா, தண்ணி பச்சையா இருக்கே?" என்றேன்.

"பச்சையா? மஞ்சள்டி. நல்லாப் பாரு."

நான் அட்டையை எடுத்துப் பக்கத்தில் பிடித்தேன். சந்தேகமே இல்லாத பச்சை. "அக்கா, நீங்க அட்டையோட வச்சுப் பாக்கலையா?"

"அட்டை எதுக்கு? எத்தனை வருசமாப் பாக்குறேன், எனக்குத் தெரியாதா?" அக்காவின் குரல் கொஞ்சம் உயர்ந்தது.

சார் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். யார் சொல்வது சரி என்று அவரால் சொல்ல முடியாது. எழுந்துபோய் மூன்று குழாய்களைக் கழுவிக் கொண்டுவந்தார். இரண்டில் பாட்டில் தண்ணீர், ஒன்றில் தொட்டித் தண்ணீர். எங்களைப் பார்க்க விடாமல் சமையலறையில் வைத்து மருந்து விட்டு, வரிசையாக வெள்ளைத் தாளின் மேல் நிறுத்தினார்.

"லூர்து, இதுல எது வேற மாதிரி இருக்கு?"

அக்கா குனிந்து பார்த்தார். சன்னலை இன்னும் அகலத் திறந்து பார்த்தார். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தார். "மூணும் ஒண்ணாத்தான் இருக்கு" என்றார்.

சார் என்னைப் பார்த்தார். நடுவில் இருப்பது பச்சை. வாயால் சொல்ல மனம் வராமல் விரலால் தொட்டுக் காட்டினேன். அவர் தலையசைத்தார். தொட்டித் தண்ணீர் அதுதான்.

அக்காவுக்கும் புரிந்துவிட்டது. நாற்காலியில் உட்கார்ந்தார். தொட்டியைப் பார்த்தார். பிறகு, "அப்ப நான் சொன்னதெல்லாம் தப்பாங்க? என்னாலதான் அதுக செத்துச்சா?" என்றார்.

சார் தரையில் அவர் பக்கத்தில் உட்கார்ந்தார். அவர் அப்போது சொன்னதை நான் அப்படியே தருகிறேன்.

"நீ தப்பாச் சொல்லல லூர்து. ஒனக்குத் தெரிஞ்சதச் சொன்ன. ஆபீஸ்ல இருக்கையில நான் ரெண்டு பேரக் கேப்பேன். வீட்டுக்கு வந்தப்புறம் ஒன்னைய மட்டும் கேட்டேன். நீ இருக்கிறப்ப இன்னொருத்தர் எதுக்குன்னு இருந்துட்டேன். அது என் தப்பு."

அதன் பிறகுதான் அக்கா வாய் திறந்தார். ஊசியில் நூல் கோக்க முடியாமல் போய் வெகுநாள் ஆயிற்று. சாயங்காலம் தெருவிளக்கைப் பார்த்தால் வெளிச்சம் சிதறிப் பரவுகிறது. பூசையில் பாட்டுப் புத்தகத்தைச் சும்மா பிரித்து வைத்துக்கொண்டு மனப்பாடமாகப் பாடுகிறார்.

"ஏன் சொல்லல?" என்று சார் கேட்டார்.

"எனக்கும் கண்ணு தெரியலைன்னா ஒங்களுக்கு யாரு பாத்துச் சொல்றது?"

நான் பத்திரிகையை மேசையில் வைத்துவிட்டுச் சமையலறைக்குப் போய்விட்டேன். காபி போடுகிற சாக்கில் நெடுநேரம் அங்கேயே நின்றேன்.

கண் மருத்துவமனையில் புரை என்றார்கள். இரண்டு கண்ணிலும் நன்றாக முற்றியிருந்தது. கண்ணுக்குள் இருக்கும் லென்ஸ் மங்கி மஞ்சள் ஏறிவிட்டதால் வெளுத்த பச்சையும் மஞ்சளும் ஒன்றாகத்தான் தெரிந்திருக்கும் என்று மருத்துவர் விளக்கினாராம். சார் அவரிடம், "அப்ப கிட்டு சரிதான்" என்று சொல்லியிருக்கிறார். மருத்துவருக்கு ஒன்றும் புரியவில்லை. அக்காதான் சிரித்துக்கொண்டே முழுக்கதையையும் சொன்னாராம்.

முதல் கண்ணில் அறுவை முடிந்து கட்டுப் பிரித்த பிறகு நான் பார்க்கப் போனேன். அக்கா வீட்டைச் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தார். "இந்தச் செவுரு இம்புட்டு வெள்ளையா சாந்தி? நான் பழசாயிருச்சுன்னு அவரை வெள்ளையடிக்கச் சொல்லிக்கிட்டு இருந்தேனே." பிறகு சாரின் சட்டையைப் பிடித்து இழுத்து, "இது நீலம்ங்க. நல்ல நீலம்" என்றார். "ஒங்க முடி இம்புட்டு வெளுத்துப்போச்சே, எப்பங்க?" என்றும் கேட்டார்.

"எனக்கு எப்படித் தெரியும்? நீதான் சொல்லணும்" என்றார் சார்.

அதற்குள் அவர் செய்துவிட்டிருந்த ஒரு காரியம் பாய் சொல்லித்தான் எனக்குத் தெரியும். மருத்துவமனையிலிருந்து வந்த மறுநாளே வெயிலில் நடந்து கடைக்குப் போயிருக்கிறார். கடையில் நாலைந்து பேர் இருந்திருக்கிறார்கள். அவர்கள் போகட்டும் என்று காத்திருக்கவில்லை. "பாய், ஒங்க கிட்டு சரியாத்தான் இருந்துச்சு. ரெண்டு பெட்டியும் சரி. நான்தான் சந்தேகப்பட்டுட்டேன்" என்றிருக்கிறார். "அல்லா, இதுக்கா சார் இந்த வெயில்ல வந்தீங்க?" என்று பாய் பதறி நாற்காலி எடுத்துப் போட்டாராம். பாய் இதைச் சொல்லும்போது ஒவ்வொரு தடவையும் அந்த நாற்காலியைத் தொட்டுக் காட்டுவார்.

மீன் வளர்ப்பவர்கள் சாரிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி, இந்த வீட்டு கிட்டுகளை நம்பலாமா என்பது. அவர் பதிலை நீங்களும் கேட்டிருப்பீர்கள். "நம்புங்க. ஆனா மீனையும் பாருங்க. கிட்டு நல்லாருக்குங்குது, மீனு மூச்சு வாங்குதுன்னா, மீனு பக்கம் நில்லுங்க. அப்புறம் எங்க கோளாறுன்னு தேடலாம்." லூர்து அக்காவின் கண் விஷயத்துக்குப் பிறகு ஒரு வரியைச் சேர்த்துக்கொண்டார். "தேடுறப்ப யாரையும் திட்டாமத் தேடுங்க."

அவரிடம் குறை இல்லாமல் இல்லை. பிடித்தால் விடமாட்டார். யாராவது பேசிக்கொண்டிருக்கும்போது நடுவில் குழாயை நீட்டிவிடுவார். என் மகளின் கல்யாணத்தில் மாப்பிள்ளை வீட்டார் மண்டபத்துச் சின்னத் தொட்டியில் நெருக்கி விட்டிருந்த அலங்கார மீன்களைப் பார்த்துவிட்டு, தண்ணீரை மாற்றச் சொல்லி மண்டபத்து மேலாளரைத் தேடிப் போய் அரைமணி நேரம் வாதாடினார். சம்பந்தி யாரவர் என்று என்னிடம் கேட்டார். எங்கள் ஆபீஸ்காரர் என்று சொல்லிவிட்டு, பெருமையா சங்கடமா என்று தெரியாமல் நின்றேன்.

அடக்கத்தன்று கோவில் நிரம்பியிருந்தது. பள்ளியில் படித்தவர்கள், பங்கு மக்கள், பெயர் தெரியாத மீன்காரர்கள். காஜா பாய் கடையைச் சாத்திவிட்டு வந்து, கல்லறைத் தோட்டத்தில் மண் போடும்வரை நின்றார். அக்கா அழவில்லை. வந்தவர்களின் முகத்தை ஒவ்வொன்றாக உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஏழாம் நாள் செபம் முடிந்து எல்லோரும் கிளம்பிய பிறகு நான் அக்காவோடு இருந்தேன். சாருடைய சட்டைகளை மடித்துக்கொண்டே அக்கா ஏதோ கேட்டார். கொஞ்ச காலமாக எனக்கு வலது காது சரியாகக் கேட்பதில்லை. வீட்டில் யாருக்கும் சொல்லவில்லை. பேசுகிறவர் முகத்தைப் பார்த்துத் தோதாகத் தலையாட்டிவிடுவேன். அன்றும் ஆட்டப் போனேன். பக்கத்தில் ஆட்கள் இருக்க, எனக்குப் பச்சையும் மஞ்சளும் ஒண்ணு டீச்சர் என்று குரலைத் தாழ்த்தாமல் சொன்ன மனிதரின் வீடு அது. என்னால் முடியவில்லை.

"அக்கா, கேக்கலை. எனக்கு இந்தக் காது மந்தமாயிருச்சு. இன்னொருக்கா சொல்லுங்க."

அக்கா மடிப்பதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். எழுந்து இந்தப் பக்கம் வந்து, என் இடது காதருகே உட்கார்ந்து, சத்தமாகச் சொன்னார்.

"தொட்டித் தண்ணி பாக்கணும், ரெண்டு பேரு வேணும்ல. ஞாயித்துக்கிழமை வாரியான்னு கேட்டேன்."

சாரிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது இதுதான். தெரியாததைத் தெரியாது என்று சொல்லிப் பக்கத்தில் இருப்பவரைக் கேட்பது. கேட்காமல் சும்மா தலையாட்டியிருந்தால், ஞாயிறன்று அக்கா எனக்காக வீணாகக் காத்திருந்திருப்பார் என்று நினைக்கவே பயமாக இருக்கிறது.

"வாரேன்க்கா" என்றேன்.